லூசில் பால் தன் நகைச்சுவைத் தொடரைப் பற்றிப் பின்னாளில் என்ன சொன்னார்?

நடிகை லூசில் பால் லூசி என்ற பாத்திரத்தில் நடித்த 'ஐ லவ் லூசி' தொடர் 1951 முதல் 1957 வரை அமெரிக்காவின் சிபிஎஸ் தொலைக்காட்சியில் ஓடியது. பிற்காலப் பேட்டிகளில் லூசில் பால் திரும்பத் திரும்பச் சொன்னது, தான் இயல்பிலேயே வேடிக்கையானவள் இல்லை என்பதுதான். பெருமையை எழுத்தாளர்களுக்குக் கொடுத்துவிடுவார். அதைத் தன்னடக்கம் என்று ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. ஒரு பொருளைக் கையில் எடுத்தால் அது பழகும்வரை ஒத்திகை பார்ப்பவர் அவர்.

அவர் ரசித்துச் சொன்ன கதை, 1956-இல் வந்த திராட்சைத் தொட்டிக் காட்சி. வெறுங்காலோடு பழங்களை மிதிப்பது கண்விழிகளை மிதிப்பது போல இருந்ததாம். கூட நடித்த பெண்ணுக்கு ஆங்கிலம் சரியாக வராது. அதனால் பொய்ச்சண்டை நிஜச்சண்டையாகி, அந்தப் பெண் இவர் தலையைப் பழக்கூழுக்குள் அழுத்திப் பிடித்துவிட்டார். மூச்சு முட்டிப்போனது. காட்சியைப் பார்த்தவர்களுக்கோ சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் இன்னொன்று. அவர் கருவுற்றபோது அதைக் கதையிலேயே சேர்த்தார்கள். ஆனால் 'கர்ப்பம்' என்ற சொல்லை மட்டும் திரையில் சொல்ல விடவில்லை. லூசிக்குக் குழந்தை பிறக்கும் பகுதி 1953 ஜனவரி 19 அன்று ஒளிபரப்பானது. அதே நாளில் நிஜத்திலும் அவருக்கு மகன் பிறந்தான். அன்று இரவு சுமார் 4.4 கோடிப் பேர் பார்த்தார்கள்.

இன்றும் அலுக்காமல் பார்க்க முடிகிறதென்றால், அவரும் கணவர் டெசி அர்னாசும் சம்பளத்தைக் குறைத்துக்கொண்டு, பார்வையாளர்கள் முன்னிலையில் மூன்று கேமராக்களால் 35 மி.மீ. படச்சுருளில் எடுத்ததும் ஒரு காரணம்.