வாசகர் கேள்வி பதில்: மட்டக்குதிரைக் கதைகளும் மேலுறையும்

கேள்வி: பழைய புத்தகக் கடையில் 'ஜில்ஸ் ஜிம்கானா' கெட்டி அட்டையில், மேலுறையோடு கிடைத்தது. உள்ளே 1949 என்று இருக்கிறது. முதல் பதிப்பு என்று 120 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார்கள். கொடுக்கலாமா, ஐயா?
வாசகி, ஜெலுத்தோங்

பதில்: ஆண்டைப் பார்த்ததும் பர்ஸைத் திறந்துவிடாதீர்கள், அம்மா. ஜில் என்ற சிறுமியின் மட்டக்குதிரைக் கதைகளை எழுதியவர் ரூபி ஃபெர்குசன். அவருடைய அந்தக் கதையை ஹாடர் அண்ட் ஸ்டோட்டன் பதிப்பகம் வெளியிட்டது 1949-இல்தான். ஆனால் பின்னால் வந்த அச்சுகளிலும் அந்த ஆண்டு அப்படியே நிற்கும். தலைப்புப் பக்கத்தைத் திருப்பி, ஆண்டுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பாருங்கள். 'செகண்ட் இம்ப்ரெஷன்', 'ரீபிரிண்டட்' என்று ஒரு வரி இருந்தாலே முதல் அச்சு இல்லை. 'சில்ட்ரன்ஸ் புக் கிளப்' என்று இருந்தால் அது உறுப்பினர்களுக்காக மலிவாக அடித்தது. பிள்ளை படிக்க வாங்கலாம், முதல் பதிப்பின் விலைக்கு வேண்டாம்.

அடுத்தது மேலுறை. முன்பக்க மடிப்பின் மூலையில் 7/6 என்பதுபோல் விலை இருந்தால், அது 7 ஷில்லிங் 6 பென்ஸ். பிரிட்டன் தசம நாணயத்துக்கு மாறியது 1971 பிப்ரவரி 15-இல். ஷில்லிங் இல்லாமல் வெறும் 'பி' (p, புதிய பென்ஸ்) விலை போட்ட மேலுறை அதற்குப் பிந்தியது. பரிசு கொடுத்தவர்கள் அந்த மூலையைக் கத்தரித்திருப்பதும் உண்டு. அப்போது பின்பக்கத்தைப் பாருங்கள். 1952-இல் வந்த 'ஜில் ஹேஸ் டூ போனீஸ்' அங்கே விளம்பரமாகி இருந்தால், பழைய புத்தகத்துக்கு யாரோ புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள். முதல் பக்கத்தில் 'கிறிஸ்துமஸ் 1950' என்று பேனாவால் எழுதியிருந்தால் அழித்துவிடாதீர்கள், அதுவும் சாட்சிதான். எல்லாம் சரியாக இருந்தால் 120 கொடுக்கலாம். மேலுறை இல்லாத பிரதிக்கு அதில் பாதிகூட அதிகம்.

('ஜிம்கானா' இந்தியாவிலிருந்து இங்கிலாந்துக்குப் போன சொல். சென்னையில் அந்தப் பெயரில் கிளப்பே இருக்கிறது.)

கேள்வி: ஜில் கதைகளில் வெவ்வேறு பெயரில் இரண்டு வாங்கினேன். திறந்தால் இரண்டிலும் ஒரே கதை!
வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: அச்சுப் பிழை இல்லை, பெயரை மாற்றிவிட்டார்கள். 1954-இன் 'ஜில் என்ஜாய்ஸ் ஹெர் போனீஸ்' பிறகு 'ஜில் அண்ட் த ரன்அவே' ஆனது. 1960-இன் 'போனி ஜாப்ஸ் ஃபார் ஜில்' பிறகு 'சேலஞ்சஸ் ஃபார் ஜில்'. மொத்தம் 9 கதைகள்தான், பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு தேடுங்கள். இதே வகைக் கதைகள் எழுதிய மோனிகா எட்வர்ட்ஸின் புத்தகங்களை வாங்கும்போது வேறு வகை ஏமாற்றம்: ஆர்மடா நிறுவனத்தின் மெல்லட்டைப் பதிப்புகளில் கதையையே வெட்டிச் சுருக்கியிருப்பார்கள். முழுக் கதை வேண்டுமானால் காலின்ஸ் பதிப்பகத்தின் கெட்டி அட்டையைத் தேடுங்கள்.

கேள்வி: பினாங்கு சௌராஸ்தா மார்க்கெட் மாடியில் வாங்கிய புத்தகங்களில் பூஞ்சை வாடை. வெயிலில் வைக்கலாமா?
வாசகி, புக்கிட் மெர்த்தாஜாம்

பதில்: வேண்டாம். அப்பளம் காயவைப்பதுபோல் வைத்தால் முதுகு வெளுத்துவிடும், அட்டை வளைந்துவிடும். புதிதாக வாங்கியதை மற்ற புத்தகங்களோடு சேர்க்காமல் முதலில் தனிப் பையில் வையுங்கள். பூஞ்சை ஈரமாக இருக்கும்போது தேய்த்தால் காகிதத்துக்குள் இறங்கிவிடும். மின்விசிறிக் காற்று படும் இடத்தில் பக்கங்களை விசிறிபோல் விரித்து நிறுத்தி, நன்றாகக் காய்ந்த பிறகு வாசலுக்குக் கொண்டுபோய், முகக்கவசம் போட்டுக்கொண்டு, மெல்லிய தூரிகையால் முதுகிலிருந்து வெளிப்பக்கமாகத் தட்டுங்கள். வாடை மட்டும் மிஞ்சினால், மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் ஒரு கிண்ணம் சமையல் சோடாவோடு ஒரு வாரம் வையுங்கள். சோடா காகிதத்தில் படக்கூடாது. காகிதத்தில் இறங்கிவிட்ட பழுப்புப் புள்ளிகள் போகாது, விட்டுவிடுங்கள்.

வெள்ளிப்பூச்சி இருந்தால் வேறு வைத்தியம். காய்ந்த புத்தகத்தைக் காற்றுப் புகாத பையில் கட்டி, ஃப்ரீசரில் மைனஸ் 18 பாகையில் 2 வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காதீர்கள், ஒரு நாள் போகட்டும். அவசரப்பட்டால் அட்டையெல்லாம் வியர்த்துவிடும். பூச்சிதான் இதில் சாகும், பூஞ்சை சாகாது.

கிழிந்த மேலுறையில் செல்லோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். சில வருஷத்தில் பசை மஞ்சளாகி, எடுக்கும்போது படமும் சேர்ந்து வந்துவிடும். பாலியெஸ்டர் உறை போடுங்கள், பிவிசி வேண்டாம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை திரும்பி வரும். கேமரா வைக்கும் டிரை கேபினட் இருந்தால் 50-இல் வையுங்கள். இல்லையென்றால் அலமாரியைச் சுவரிலிருந்து நான்கு விரற்கடை தள்ளிப் போடுங்கள், முக்கியமாக மழைச்சாரல் அடிக்கும் பக்கச் சுவராக இருந்தால்.