கிரிப்டோ வாலட்டில் இருக்கும் காசு திருட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது எப்படி? ஹார்டுவேர் வாலட் (ரகசியச் சாவியை இணையத்தில் விடாமல் தனக்குள் வைத்திருக்கும் சிறு கருவி) வாங்கினால் போதுமா?

போதாது. ஆனால் ஒரு மாதச் சம்பளத்துக்கு மேல் வைத்திருந்தால் கண்டிப்பாக வாங்குங்கள். இந்த இரண்டு வரியோடு முடித்திருப்பேன். 2021-ல் நானே காசை விட்டவன் என்பதால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

கோவையில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். வைரஸ் எடுப்பது, ஃபார்மட் போடுவது, செத்துப்போன ஹார்டு டிஸ்கிலிருந்து கல்யாணப் போட்டோக்களை மீட்பது இதெல்லாம்தான் பிழைப்பு. வருகிறவர்களுக்கெல்லாம் "தெரியாத லிங்கைத் தொடாதீங்க" என்று புத்தி சொல்லும் ஆள். அப்படிப்பட்ட நான் விட்டது சுமார் 40,000 ரூபாய் மதிப்புள்ள யுஎஸ்டிடி, அதாவது டாலர் மதிப்போடு ஒட்டி ஓடும் கிரிப்டோ.

பிரவுசரில் மெட்டாமாஸ்க் என்ற வாலட் வைத்திருந்தேன். ஒரு நாள், நான் வாங்கவே வாங்காத ஏதோ ஒரு டோக்கன் (கிரிப்டோ நாணயம்) அதில் வந்து உட்கார்ந்திருந்தது. மதிப்பு பல ஆயிரம் ரூபாய் என்று காட்டியது. டோக்கனின் பெயரே ஓர் இணைய முகவரி. போனேன். 'கனெக்ட்' கேட்டது, கொடுத்தேன். 'அப்ரூவ்' கேட்டது, அதையும் கொடுத்தேன். பிறகு ஏதோ எரர் வந்தது. சரி, டுபாக்கூர் என்று மூடிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டேன். அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை. பதினோரு நாள் கழித்து, கிரிப்டோ வாங்கி விற்கும் எக்ஸ்சேஞ்சிலிருந்து யுஎஸ்டிடியை அந்த வாலட்டுக்கு மாற்றினேன். டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் காலி.

உடனே நான் செய்த காரியம் மெட்டாமாஸ்க் பாஸ்வேர்டை மாற்றியது. இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அந்த பாஸ்வேர்டு என் கம்ப்யூட்டரில் இருக்கும் மெட்டாமாஸ்க்குக்கு மட்டுமான பூட்டு. காசு இருப்பது என் கம்ப்யூட்டரிலேயே இல்லை, செயினில், அதாவது பிளாக்செயின் என்ற பொதுக் கணக்கேட்டில். அங்கே நான் ஏற்கெனவே கையெழுத்துப் போட்ட பிளாங்க் செக் ஒன்று இருந்தது.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். எத்திரியம் மாதிரியான செயின்களில், "என் கணக்கிலிருந்து இந்த டோக்கனை இவ்வளவு வரை நீ எடுத்துக்கொள்ளலாம்" என்று ஒரு கான்ட்ராக்டுக்கு (செயினில் தானாக ஓடும் புரோகிராமுக்கு) அனுமதி கொடுக்க முடியும். நியாயமான எக்ஸ்சேஞ்ச் தளங்களுக்கும் அந்த அனுமதி தேவைதான். திருட்டுத் தளம் அதையே கேட்கிறது. பரிசு டோக்கனைப் பற்றிப் பேசிக்கொண்டே என் யுஎஸ்டிடிக்கு, வரம்பே இல்லாத அனுமதியை வாங்கிக்கொண்டது. நாமாக ரத்து செய்கிற வரை அது உயிரோடு இருக்கும். தளத்தில் 'டிஸ்கனெக்ட்' அழுத்தினால் போகாது, பிரவுசரையே அழித்தாலும் போகாது. எத்திரியம் கணக்குகளைப் பார்க்க உதவும் எத்தர்ஸ்கேன் தளத்தில் டோக்கன் அப்ரூவல் என்ற பகுதியிலோ ரிவோக் டாட் கேஷ் தளத்திலோ உங்கள் வாலட் முகவரியைப் போட்டால் யார் யாருக்கு அனுமதி கொடுத்திருக்கிறீர்கள் என்ற பட்டியல் வரும். ஒவ்வொன்றாக ரத்து செய்யலாம், சிறு கட்டணம் ஆகும். முதல்முறை பார்த்தபோது என் பட்டியலில் பதினேழு இருந்தன. பாதித் தளங்களின் பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை.

இன்னொரு வகையும் உண்டு. கட்டணமே இல்லாமல் வெறும் கையெழுத்து மட்டும் கேட்பார்கள். 'பெர்மிட்' என்று அதில் எழுதியிருக்கும். காசு எதுவும் கேட்கவில்லையே என்று அழுத்தினால், அதுவும் அனுமதிதான். நீங்கள் கையெழுத்துப் போட்டது உங்கள் பரிவர்த்தனைப் பட்டியலில்கூடத் தெரியாது.

ஹார்டுவேர் வாலட் ஏன் போதாது என்றேனே, காரணம் இதுதான். காசை நகர்த்தும் ரகசியச் சாவியான பிரைவேட் கீ அந்தக் கருவியை விட்டு வெளியே போகாது, உண்மை. ஆனால் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று தெரியாமல் நாமே பட்டனை அழுத்தினால் கருவி என்ன செய்யும்? 2025 பிப்ரவரியில் பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர் போனது இப்படித்தான். பலர் சேர்ந்து ஒப்புதல் கொடுத்தால்தான் பணம் நகரும் என்ற மல்டிசிக் வாலட் அது. ஒப்புதல் கொடுத்தவர்கள் கையில் ஹார்டுவேர் கருவி இருந்தது. அவர்கள் பயன்படுத்திய வாலட் மென்பொருளின் வலைப்பக்கத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்து, திரையில் வழக்கமான பரிமாற்றம் போலக் காட்டிவிட்டு, கையெழுத்தை வேறொன்றில் வாங்கிவிட்டார்கள். வட கொரியாவின் வேலை என்றது அமெரிக்காவின் எஃப்பிஐ. அத்தனை கோடி வைத்திருப்பவர்களுக்கே அந்தக் கதி.

நான் இப்போது வைத்திருப்பது இரண்டு வாலட். ஃபோனில் ஒன்று, சட்டைப் பாக்கெட் பர்ஸ் மாதிரி. எந்தத் தளத்தோடு இணைப்பதானாலும் அதுதான், போனால் போகட்டும் என்கிற அளவுக்குத்தான் அதில் இருக்கும். இன்னொன்று ஹார்டுவேர் வாலட். அதை எந்தத் தளத்தோடும் இணைப்பதே இல்லை. வாங்குவது, அனுப்புவது, அவ்வளவுதான் அதன் வேலை.

கருவி வாங்குவதிலும் ஒரு பொறி உண்டு. கம்பெனி தளத்திலோ, அவர்கள் அறிவித்த விற்பனையாளரிடமோ மட்டும் வாங்குங்கள். வாலட்டைத் திறக்க 12 அல்லது 24 ரகசியச் சொற்கள் உண்டு, பெட்டிக்குள் ஏற்கெனவே அந்தச் சொற்கள் அச்சடித்த அட்டை இருந்தால் அந்தச் சொற்கள் அனுப்பியவனிடமும் இருக்கின்றன. சொற்களைக் கருவி தானாக உருவாக்கி, தன் திரையில் காட்ட வேண்டும். ஹார்டுவேர் வாலட் தயாரிக்கும் லெட்ஜர் நிறுவனத்திடம் வாங்கியவர்களில் சுமார் 2.7 லட்சம் பேரின் பெயரும் முகவரியும் 2020-ல் வெளியே கசிந்தன. அடுத்த ஆண்டு அவர்களில் சிலருக்குத் தபாலில் போலிக் கருவிகள் வந்தன, "பாதுகாப்புக்காக உங்கள் பழைய கருவியை மாற்றித் தருகிறோம்" என்ற கடிதத்தோடு. அதனால் முடிந்தவரை வீட்டு முகவரியைக் கொடுக்காமல் வாங்குவது நல்லது. நான் கடை முகவரிக்கு வரவழைத்தேன். அப்புறம் முக்கியமான ஒன்று: பழைய ஃபோன் வாலட்டின் அதே 12 சொற்களைப் புதுக் கருவியில் ஏற்றாதீர்கள். இதைச் செய்துவிட்டு "நான் ஹார்டுவேருக்கு மாறிட்டேன்" என்று சொன்ன மூன்று பேரையாவது பார்த்திருக்கிறேன். அந்தச் சொற்கள் ஏற்கெனவே இணையத்தில் இருந்த ஃபோனில் பிறந்தவை. புது வாலட், புதுச் சொற்கள், காசை அதற்கு அனுப்புங்கள்.

இனி அந்தச் சொற்கள். சீட் ஃபிரேஸ் என்பது 12 அல்லது 24 ஆங்கிலச் சொற்கள். 2,048 சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து எடுக்கப்படுபவை. அது கையில் இருக்கிறவனுக்கு உங்கள் ஃபோன் வேண்டாம், ஓடிபி வேண்டாம், கைரேகை வேண்டாம். கடையில் உட்கார்ந்து நான் பார்த்ததைச் சொல்கிறேன். ஒருவர் லேப்டாப்பை ஃபார்மட் போடக் கொண்டுவந்தார். டெஸ்க்டாப்பிலேயே 'வாலட்' என்ற பெயரில் நோட்பேடு ஃபைல். பேக்கப் எடுக்கும்போது திறந்து பார்த்தால் 12 சொற்கள். அவரைக் கூப்பிட்டு, "அண்ணா, இத நான் பார்த்துட்டேன். என்னை நம்பாதீங்க, இன்னைக்கே வேற வாலட்டுக்கு மாத்திருங்க" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். இன்னொரு பையன், என் அக்கா மகன்தான், வாட்ஸ்அப்பில் தனக்குத் தானே அனுப்பி வைத்திருந்தான்.

ஸ்கிரீன்ஷாட் எடுப்பவர்கள்தான் ஏராளம். ஃபோனில் பேக்கப் போட்டு வைத்திருந்தால் அது கூகுள் ஃபோட்டோஸுக்கும் போய்விடலாம். அதோடு, ஃபோன் கேலரியில் இருக்கும் படங்களிலிருந்து எழுத்துகளைப் படித்து, சீட் ஃபிரேஸ் போலத் தெரிவதை மட்டும் திருடி அனுப்பும் ஸ்பார்க்கேட் என்ற மால்வேரை 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கை நிறுவனம் வெளிப்படுத்தியது. அது ஒளிந்திருந்த ஆப்கள் கூகுள் பிளேயிலும் ஆப்பிள் ஆப் ஸ்டோரிலும் இருந்தன. "நான் பிளே ஸ்டோர்ல மட்டும்தான் இறக்குவேன்" என்பது இனிமேல் பேச்சுக்கு உதவாது.

சரி, பேப்பரில் எழுதியாயிற்று. அதை லேமினேட் செய்ய ஜெராக்ஸ் கடைக்குக் கொண்டுபோகாதீர்கள். சிரிக்காதீர்கள், கொண்டுபோனவர் இருக்கிறார். பேப்பர் நனையும், செல்லரிக்கும், எரியும் என்ற கவலை நியாயம்தான். அதற்கு ஸ்டீல் தகடு நல்லது. பாத்திரக் கடையில் பெயர் வெட்டித் தருகிறார்களே, அங்கேயும் கொடுக்க வேண்டாம். லெட்டர் பஞ்ச் செட் வாங்கி, வீட்டில் உட்கார்ந்து சுத்தியலால் நீங்களே அடித்துக்கொள்ளலாம். ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து போதும். அந்தப் பட்டியலில் எந்த இரண்டு சொல்லுக்கும் முதல் நான்கு எழுத்து ஒன்றாக இருக்காது, அப்படித்தான் அதைத் தயாரித்திருக்கிறார்கள். எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஆனது, கட்டைவிரலில் இரண்டு அடி விழுந்தது தனி.

சொற்களை இரண்டாகப் பிரித்து வெவ்வேறு இடத்தில் வைக்கலாமா என்று கேட்பார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஒரு துண்டு தொலைந்தால் மொத்தமும் போச்சு. திருடனுக்குப் பெரிய துண்டு கிடைத்தாலும் போச்சு. 2020-ல் ஒரு போட்டி நடந்தது: 1 பிட்காயின் இருக்கும் வாலட்டின் 12 சொற்களை ஒவ்வொன்றாக வெளியிட்டு வந்தார்கள். 8 சொற்கள் தெரிந்த நிலையில் ஜான் கான்ட்ரெல் என்ற புரோகிராமர் மீதி நான்கையும் கம்ப்யூட்டர் சக்தியை வாடகைக்கு எடுத்துத் தேடிப் பிடித்துவிட்டார். சுமார் ஒரு லட்சம் கோடி வாய்ப்புகள், ஆனாலும் பிடித்தார். பிரிப்பதற்குப் பதில் பாஸ்ஃபிரேஸ் வைத்துக்கொள்ளலாம், இருபத்தைந்தாவது சொல் மாதிரி நீங்களே வைத்துக்கொள்வது. அதில் ஒரு எழுத்து தவறினாலும் 'தப்பு' என்று கருவி சொல்லாது, காலியான வேறொரு வாலட்டைத் திறந்து காட்டும். மறதிக்காரர்கள் அந்தப் பக்கம் போகாமல் இருப்பதே மேல்.

காசு அனுப்பும்போது போய்ச் சேரும் வாலட்டின் முகவரியை முழுசாகப் பாருங்கள். முதல் நான்கு, கடைசி நான்கு எழுத்தைச் சரிபார்ப்பது எல்லோருக்கும் பழக்கம். அது திருடர்களுக்கும் தெரியும். நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரி போலவே முன்னும் பின்னும் உள்ள ஒரு முகவரியைத் தயாரித்து, அதிலிருந்து உங்களுக்கு ஒன்றுமில்லாத பரிமாற்றம் ஒன்றை அனுப்பிவைப்பார்கள். அடுத்த முறை நீங்கள் பழைய பட்டியலிலிருந்து காப்பி எடுக்கும்போது அது சிக்கிக்கொள்ளும். 2024 மே மாதம் ஒருவர் இப்படி 1,155 ராப்டு பிட்காயினை (பிட்காயின் மதிப்போடு ஒட்டிய டோக்கன்) அனுப்பிவிட்டார், ஏறக்குறைய 7 கோடி டாலர். பேச்சுவார்த்தைக்குப் பிறகு திருடன் பெரும்பகுதியைத் திருப்பித் தந்தது அவருடைய அதிர்ஷ்டம்.

சப்போர்ட் என்று டெலிகிராமில் வந்து பேசுகிறவன் திருடன். விதிவிலக்கு எனக்குத் தெரிந்து ஒன்றுகூட இல்லை. "எனக்கு இதை எடுக்கத் தெரியலை, உதவுங்க" என்று யாராவது தன் 12 சொற்களையே பொதுவில் போட்டிருந்தால் அதுவும் பொறிதான். உள்ளே யுஎஸ்டிடி தெரியும், ஆனால் எடுக்கக் கட்டணத்துக்கு டிஆர்எக்ஸ் (ட்ரான் என்ற செயினின் நாணயம்) இருக்காது. நீங்கள் பேராசையில் அனுப்பும் டிஆர்எக்ஸ்தான் அவன் வருமானம்.

எக்ஸ்சேஞ்சிலேயே விட்டுவைக்கலாமா? விற்று வாங்கும் அளவுக்கு மட்டும் விடுங்கள். 2024 ஜூலையில் இந்திய எக்ஸ்சேஞ்சான வாசிர்எக்ஸில் சுமார் 23 கோடி டாலர் மதிப்புள்ளது திருடப்பட்ட பிறகு, அங்கே கிரிப்டோ வைத்திருந்தவர்கள் அதை எடுக்க ஓராண்டுக்கு மேல் காத்திருந்தார்கள். அதில் 3,532 எக்ஸ்ஆர்பி காயின்களை வைத்திருந்த ஒருவர் தொடர்ந்த வழக்கில்தான் 2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான், அதை ஒருவருக்காக இன்னொருவர் நம்பிக்கையின்பேரில் வைத்திருக்க முடியும் என்று சொன்னார். திருடப்பட்டது வேறு வகை டோக்கன், அவருடைய எக்ஸ்ஆர்பி அல்ல என்பதும் அதில் பேசப்பட்டது. எக்ஸ்சேஞ்ச் கணக்குக்கு எஸ்எம்எஸ் ஓடிபியை விட, ஃபோனிலேயே ஓடிபி உருவாக்கும் ஆத்தண்டிகேட்டர் ஆப் நல்லது. ஃபோனில் திடீரென்று சிக்னல் போய், பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் இருந்தால், உங்கள் எண்ணில் வேறு யாராவது சிம் வாங்கிவிட்டார்களா என்று உடனே பாருங்கள்.

திருட்டுப் போய்விட்டால் முதலில் சைபர் மோசடிக்கான அரசு உதவி எண் 1930-க்கு அடியுங்கள், சைபர் கிரைம் தளத்தில் புகார் பதியுங்கள். பரிவர்த்தனை ஹேஷ் (அந்தப் பரிமாற்றத்தின் அடையாளக் குறியீடு), காசு போன முகவரி இரண்டையும் கொடுங்கள். யுஎஸ்டிடி என்றால், அது இன்னும் அந்த முகவரியிலேயே இருந்தால், வெளியிட்ட டெதர் நிறுவனத்தால் முடக்க முடியும். பிட்காயினில் அப்படி யாரும் இல்லை. என் காசு திரும்பவில்லை. ஆனால் 'மீட்டுத் தருகிறோம்' என்று நான்கு பேர் வந்தார்கள், நான்கு பேரும் முன்பணம் கேட்டார்கள்.

எல்லாவற்றையும் இவ்வளவு கவனமாகச் செய்துவிட்டு ஒன்றை விட்டிருந்தேன். போன போகிக்கு வீட்டைச் சுத்தம் செய்தபோது என் மனைவி பரணிலிருந்து அந்தத் தகட்டை எடுத்து வந்து, "ஏங்க, இது எதுக்கு வெச்சிருக்கீங்க? பழைய இரும்புக்குப் போட்டறலாமா?" என்றாள். அன்றைக்குத்தான் அவளை உட்கார வைத்து அது என்னவென்று சொன்னேன்.