கைராசி ஊசியும் வாரத்துக்கு ஒருநாள் மாத்திரையும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

அம்மா முக்கூடல் பக்கத்தில் பீடி சுற்றுகிறார். ஒன்றரை வருஷமாக இரண்டு கையிலும் விரல் மொளிகள் வீங்கி, காலையில் பத்து மணி வரை மடங்காது. ரத்தம் பார்த்துவிட்டு சரவாங்கி, அதாவது முடக்குவாதம் என்றார்கள். திருநெல்வேலியில் தனியார் டாக்டரிடம் காட்டினோம். நல்ல மனுஷர். ஆனால் டெஸ்ட், மாத்திரை, கார் என்று மாசம் நாலாயிரம். ஏழாவது மாசம் நிறுத்திவிட்டோம். இப்போது உள்ளூரில் ஒருவர் ஊசி போடுகிறார், நூற்றைம்பது ரூபாய். மறுநாளே அம்மா பீடி சுற்றுகிற சுளவை (முறத்தை) மடியில் எடுத்து வைத்துவிடுகிறார். கைராசிக்காரர் என்கிறார்கள். எனக்கு மனசு கேட்கவில்லை. கவர்மென்ட் ஆஸ்பத்திரியில் பொறுமையாகப் பார்ப்பார்களா?

— ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

சுளவு என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். என் பெரியம்மையும் பீடிதான். விரல் மக்கர் பண்ணத் தொடங்கியதும் முதலில் அவளுக்கு வராமல் போனது பீடியின் முனை மடக்குவது. சுற்றி, நூல் கட்டி அப்படியே வைப்பாள். பள்ளிக்கூடம் விட்டு வந்து நாங்கள் மடக்குவோம். அப்போதும் ஒருவர் ஊசி போட்டார். பேர் தெரியாதபடி மாத்திரையை உரித்துப் பொட்டலம் கட்டித் தந்தார். வலி பறந்தது. மூன்றாம் வருஷம் முகம் உப்பி, சர்க்கரை வந்து, திண்ணையிலிருந்து இறங்கும்போது இடுப்பெலும்பு முறிந்தது. விரல்கள் எப்படியும் கோணித்தான் போயின.

உங்கள் ஊர்க்காரர் போடுவதும் ஸ்டீராய்டாக இருக்கலாம். மூட்டு டாக்டர்களும் அதைக் கொஞ்ச நாளைக்கு எழுதுவதுண்டு. ஆனால் மூட்டு அரிபடாமல் காப்பது வேறு மாத்திரை. பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட்டில் தொடங்குவார்கள். பழைய மருந்து, விலை குறைவு. வாரத்துக்கு ஒரே ஒரு நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து, அதனால் காலண்டரில் கிழமையைச் சுழித்து வையுங்கள். கூடவே ஃபோலிக் ஆசிட் தருவார்கள். ரத்த அணுவும் ஈரலும் அவ்வப்போது பார்க்க வேண்டும். பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கைராசிக்காரர்கள் ஜெயிப்பது இந்த இடைவெளியில்தான்.

ஊசி மாசக்கணக்கில் ஓடியிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. உடம்பு தானே சுரக்கிற ஸ்டீராய்டைக் குறைத்திருக்கும். டாக்டர் பார்த்துத்தான் படிப்படியாக விட வேண்டும். என்ன ஊசி என்று சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்றால் அதுவே பதில்.

அந்த நாலாயிரத்தைப் பிரித்து எழுதிப் பார்த்தீர்களா? கார் எவ்வளவு? பழைய டாக்டரிடமே போய், "இவ்வளவுதான் முடியும் சார்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். கம்பெனிப் பெயர் இல்லாமல் மருந்தின் மூலப்பெயரை எழுதி வாங்கினால் மக்கள் மருந்தகத்திலோ 2025-ல் வந்த முதல்வர் மருந்தகத்திலோ கேட்கலாம். முதல்வர் காப்பீட்டு அட்டையில் ஐந்து லட்சம் என்று இருக்கும். அது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு, மாசாமாசம் கடையில் வாங்கும் மாத்திரைக்கு உதவாது. பீடி அட்டை இருந்தால் முக்கூடலிலேயே பீடித் தொழிலாளர் ஆஸ்பத்திரி இருக்கிறது, அங்கேயும் விசாரியுங்கள்.

அதுவும் தோதுப்படவில்லை என்றால் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் கவர்மென்ட் ஆஸ்பத்திரிதான். நம் ஜில்லாவுக்குப் பெரியாஸ்பத்திரி. கவர்மென்ட் ஆஸ்பத்திரி எதுவானாலும் வரிசை நீளம், உங்கள் முறைக்கு சில நிமிஷங்கள்தான் கிடைக்கும். அதற்குத் தயாராகப் போங்கள். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி, பழைய டெஸ்டுகளை ஒட்டி, காலையில் எத்தனை மணிக்கு விரல் மடங்கியது என்று தினமும் எழுதி வையுங்கள். டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான். பொறுமை இல்லாதவரும் நோட்டைப் பார்த்தால் நிமிர்ந்து உட்காருவார், நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. அம்மா அந்த ஊசியை வாங்குவது வலிக்காகவா, அன்றைய ஆயிரம் பீடிக்காகவா? கணக்குக் குறைந்தால் கடையில் இலை குறைத்துப் போடுவார்கள் என்ற பயம் என் பெரியம்மைக்குக் கடைசிவரை இருந்தது. மாத்திரை பிடிக்கிற அந்த மூன்று மாசம் வீட்டில் இன்னொரு ஆள் உட்கார்ந்தாக வேண்டும்.

உங்களுக்கு முனை மடக்கத் தெரியுமா, தம்பி?