வேலையை விடும் முன் ஒரு முக்காலிக்குக் கணக்குப் போடுங்கள்

மரவேலைக்கு நண்பர்களிடமிருந்து ஆர்டர் வருகிறது, அதை நம்பி நிரந்தர வேலையை விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். நண்பர்கள் உங்கள் முகத்துக்காகவும் வாங்குவார்கள். முன்பின் தெரியாதவர் முழு விலை கொடுத்து வாங்கி, மறுபடியும் தேடி வருகிறாரா என்று பாருங்கள்.

ஒரு முக்காலிக்கு என்ன விலை சொல்கிறீர்கள்? மரம், பசை, வார்னிஷ் மட்டும் கணக்கில் வந்தால் போதாது. உப்புத்தாள் போட்டுத் தேய்த்த நேரம், உளி தீட்டிய நேரம், வாடிக்கையாளரிடம் போனில் பேசிய நேரம் எல்லாவற்றுக்கும் கூலி போடுங்கள். அந்த விலைக்கும் ஆள் வந்தால்தான் தொழில் நிலைத்து நிற்கும்.

முடிந்தால் சம்பளமில்லா விடுப்பு எடுத்து முழுநேரமாகச் செய்து பாருங்கள். அந்த நாட்களில் குடும்பச் செலவு மரவேலை வருமானத்திலேயே நடக்கட்டும், சேமிப்பைத் தொடாதீர்கள்.