கரையில் 14 மில்லிகால் தாவுவது ஏன்?

வணக்கம். மன்னார் வளைகுடா வரைபடத்தில் கரையைத் தொட்டதும் தரைப் பக்கம் ஈர்ப்பு அனாமலி (அளந்த ஈர்ப்புக்கும் சூத்திரம் தரும் ஈர்ப்புக்கும் உள்ள வேறுபாடு) 14 மில்லிகால் (ஈர்ப்பை அளக்கும் சிறிய அலகு) ஏறி நிற்கிறது என்று எழுதியிருந்தீர்கள். அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் போட்ஸ்டாம் மேல்தான், அதாவது ஜெர்மனியின் அந்த ஊரில் அளந்து, மற்ற அளவுகளுக்கு அடிப்படையாக வைத்த பழைய ஈர்ப்பு மதிப்பின் மேல். 1971க்கு முந்தைய தரை அளவுகள் பெரும்பாலும் போட்ஸ்டாம் அடிமதிப்பை ஒட்டியவை. அது உண்மை மதிப்பைவிடச் சுமார் 14 மில்லிகால் கூடுதல். பழைய தாள்களில் தளநிலைய (மற்ற அளவுகளை ஒப்பிட எடுத்துக்கொண்ட அடிப்படை நிலையம்) மதிப்பு எந்த ஆண்டினது என்று பாருங்கள். பழையது என்றால் 14ஐக் கழியுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கோப்பில் அளந்த ஈர்ப்பு இல்லாமல், 1930 சூத்திரத்தில் (அட்சரேகையை வைத்து இயல்பான ஈர்ப்பைத் தருவது) கணக்கிட்ட அனாமலி மட்டும் இருந்தால் கதை வேறு. 14ஐக் கழித்தபின், 1980 சூத்திரத்துக்கு மாற்ற உங்கள் அட்சரேகையில் ஏறக்குறைய 16 கூட்டவும் வேண்டும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்தால் கரையில் அந்தத் தாவல் மறுபடி முளைக்கும்.

அப்புறம், செயற்கைக்கோள் உயரமானித் தரவை (ரேடாரால் கடல்மட்ட உயரத்தை அளந்து, அதிலிருந்து ஈர்ப்பைக் கணிப்பது) கரையோரம் அதிகம் நம்பாதீர்கள். கடலிலிருந்து திரும்பும் ரேடார் எதிரொலியில் தரையும் கலந்துவிடும். கரையை ஒட்டிய பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்குக் கப்பல் அளவுகளுக்கே எடை கூட்டுங்கள். அதற்கு முன் கப்பல் தடங்கள் வெட்டிக்கொள்ளும் இடங்களில் உள்ள வேறுபாட்டைச் சரிசெய்துவிடுங்கள்.

தளநிலைய விவரம் கிடைத்தால் இங்கேயே போடுங்கள், சேர்ந்து பார்ப்போம்.