புதுசா போட் எஞ்சின் வாங்கினவங்க கேட்ட கேள்விங்க

ஃபைபர் போட்டும் அவுட்போர்டு எஞ்சினும் (போட்டுக்கு பின்னாடி வெளிய மாட்டற எஞ்சின்) புதுசா எடுத்தவங்க கிட்ட இருந்து ஒரே மாதிரி கேள்வி நிறைய வருது, அதனால சேத்தே பதில் சொல்லிடறேன்.

அண்ணே, எஞ்சின் ஓடும்போது பின்னாடி சின்ன ஓட்டைல இருந்து தண்ணி பீச்சி அடிக்குது. லீக்கா இருக்குமா?

லீக் இல்ல தம்பி, அது வரலன்னாதான் பயப்படணும். கீழ கியர் பாக்ஸ் பக்கம் கடல் தண்ணிய உறிஞ்சி மேல ஏத்தி எஞ்சின கூல் பண்ணுது, அதுல ஒரு பங்குதான் அந்த ஓட்டை வழியா வெளிய வருது, உள்ள தண்ணி ஓடுதுன்னு நாம கண்ணால பாத்துக்கறதுக்கு. ஸ்டார்ட் பண்ணின உடனே மொதல்ல அதத்தான் பாக்கணும். தண்ணி நின்னுட்டா அந்த நிமிஷமே ஆஃப் பண்ணுங்க, கரைக்கு போய் பாத்துக்கலாம்னு ஓட்டினா பிஸ்டன் பிடிச்சுக்கும். பிளாஸ்டிக் பை வந்து உறிஞ்சற இடத்த மூடியிருக்கான்னு பாருங்க, ஓட்டைல உப்பு அடைச்சிருந்தா கெட்டியான தங்கூசி (நைலான் நரம்பு) துண்டு விட்டு குத்தினாலே சரியாயிடும். ரெண்டும் இல்லன்னா உள்ள தண்ணிய ஏத்தற இம்பெல்லர் சக்கரம் போயிருக்கும். அது ரப்பர், அதுக்கு தண்ணிதான் வழவழப்பு, கரைல வச்சு சும்மா ஸ்டார்ட் பண்ணி சத்தம் கேட்டு பாக்கறவங்க எல்லாரும் அதத்தான் தேய்க்கறாங்க. டெய்லி கடலுக்கு போற எஞ்சின்னா வருஷத்துக்கு ஒரு தடவ மாத்திடுங்க, முழு எஞ்சின் வெலைல பாத்தா அது ஒன்னுமே இல்ல.

2 ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு பைக்குக்கு ஊத்தற 2டி ஆயில் போதும்னு சொல்றாங்களே?

போதாது. டிசி-டபிள்யூ3 (TC-W3) னு டப்பால போட்டிருக்கற ஆயில்தான் வேணும். பைக் ஆயில்ல இருக்கற சில சேர்மானம் எரிஞ்சா சாம்பல் ஆகும், மணிக்கணக்குல ஃபுல் த்ராட்டில்ல ஓடற போட் எஞ்சின்ல அது பிஸ்டன் தலைலயும் பிளக்லயும் படிஞ்சு கெடுத்துடும். அளவு நிறைய மாடலுக்கு 50:1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி, 25 லிட்டர் டேங்க்குக்கு அரை லிட்டர். புது எஞ்சின்னா மொத 10 மணி நேரம் அதுக்கு டபுளா ஊத்த சொல்லுவாங்க, மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் முடிவு. 4 ஸ்ட்ரோக் எடுத்தவங்க பெட்ரோல்ல ஆயில் கலக்கவே கூடாது, அதுக்கு கீழ சம்ப்ல (ஆயில் தொட்டில) தனி ஆயில்.

மண்ணெண்ணெய் எஞ்சின். சாயங்காலம் நல்லா ஓடுது, காலைல கயித்த இழுத்து இழுத்து கை போகுது.

மண்ணெண்ணெய்லயே ஆஃப் பண்ணிட்டு வர்றீங்கன்னு நெனைக்கறேன். கரை வர்றதுக்கு கொஞ்சம் முன்னாடியே பெட்ரோலுக்கு மாத்தி சில நிமிஷம் ஓட்டிட்டு நிறுத்துங்க, கார்ப்பரேட்டர்ல மண்ணெண்ணெய் தங்கினா குளிர்ந்த எஞ்சின் அதுல பத்திக்காது. பெட்ரோல் எஞ்சின்ல மண்ணெண்ணெய் ஊத்தறத மட்டும் யார் சொன்னாலும் கேக்காதீங்க, மண்ணெண்ணெய் மாடலுக்கு கம்ப்ரஷனே கம்மியா வச்சு செஞ்சிருப்பாங்க.

பங்க்ல இப்ப எத்தனால் கலந்த பெட்ரோல்தான் கிடைக்குது, பரவாயில்லையா?

பெரும்பாலான அவுட்போர்டு மேனுவல்ல 10 சதவீதம் வரைக்கும்தான் எத்தனாலுக்கு அனுமதி, நம்மூர் பங்க்ல இப்ப வர்றது பெரும்பாலும் 20. எத்தனால் காத்துல இருக்கற ஈரத்த இழுக்கும், கடற்கரைல சொல்லவே வேணாம், ரொம்ப நாள் நின்னா தண்ணியும் எத்தனாலும் பிரிஞ்சு டேங்க் அடியில தங்கிடும். வாங்கின பெட்ரோல வாரக்கணக்குல வைக்காதீங்க, தண்ணி பிரிக்கற ஃபில்டர் ஒன்னு மாட்டிக்கோங்க, ரப்பர் ஹோஸ் வெடிச்சிருக்கான்னு அடிக்கடி தடவி பாருங்க.

பத்து நிமிஷம் ஓடி தானா நின்னுடுது சார்.

டேங்க் மூடில இருக்கற காத்து திருகு தெறந்திருக்கா? அது மூடியிருந்தா டேங்க்குக்குள்ள காத்து போகாது, எஞ்சினுக்கு பெட்ரோல் வராது.

கியர் ஆயில் பால் கலந்த டீ மாதிரி வருது.

தண்ணி உள்ள போயிடுச்சு, சீல் அவுட். ப்ரொப்பல்லர கழட்டி பாருங்க, ஷாஃப்ட்ல தங்கூசி சுத்தி சீல அறுத்திருக்கும், வலை போடறவங்க போட்ல இது சகஜம். சீல் மாத்தாம புது ஆயில் மட்டும் ஊத்தி ஓட்டினா பல் சக்கரம் துருப்பிடிச்சு செலவு பல மடங்கு ஆயிடும். ஆயில் ஏத்தும்போது கீழ் ஓட்டை வழியா ஏத்துங்க, மேல் ஓட்டைல வழியற வரைக்கும், அப்பதான் உள்ள காத்து நிக்காது.

முகத்துவாரத்துல அலை அடிச்சு போட் கவுந்துடுச்சு, எஞ்சின் தண்ணில முங்கிடுச்சு. காய வச்சா போதுமா?

ஐயோ, காய வைக்கவே வைக்காதீங்க! உப்புத்தண்ணில கெடக்கற வரைக்கும் கூட அவ்வளவு மோசம் இல்ல, மேல எடுத்து காத்து பட்ட நிமிஷத்துல இருந்துதான் பேரிங், கிராங்க் எல்லாம் வேகமா துரு ஏறும். எடுத்த உடனே நல்ல தண்ணிய ஊத்தி கழுவுங்க, பிளக் கழட்டி பிளக் ஓட்டை கீழ பாக்கற மாதிரி சாய்ச்சு கயித்த மெதுவா இழுத்து தண்ணிய வெளிய தள்ளுங்க. அப்ப கில் சுவிட்ச் (எஞ்சின நிறுத்தற சுவிட்ச்) கயிற எடுத்துடுங்க, ஸ்பார்க் வந்தா பெட்ரோல் பத்திக்கும். இழுக்க வரல, இல்ல உள்ள எங்கயோ தட்டுது உரசுதுன்னா வற்புறுத்தாதீங்க, ஓடிட்டு இருக்கும்போதே முங்கியிருந்தா கனெக்டிங் ராடு வளைஞ்சிருக்கலாம். நல்லா சுத்துதுன்னா சிலிண்டருக்குள்ள ஆயில் விட்டு, கார்ப்பரேட்டர் தண்ணிய எறக்கி, புது பெட்ரோல் போட்டு அன்னிக்கே ஸ்டார்ட் பண்ணி அரை மணி நேரமாவது ஓட்டணும், கூலிங் தண்ணி குடுத்துதான். 4 ஸ்ட்ரோக்னா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி சம்ப் ஆயிலயும் மாத்தணும். மெக்கானிக் நாளைக்குத்தான் வருவார்னா ஒரு டிரம்ல நல்ல தண்ணி ரொப்பி எஞ்சின் தலைய அதுக்குள்ளயே முக்கி வைங்க, கேக்க வினோதமா இருக்கும், ஆனா காத்து படாம இருக்க அதுதான் வழி.

அந்த செவப்பு சுருள் கயிறு, கில் சுவிட்சோடது, தொல்லையா இருக்கு. கழட்டி சுவிட்ச்ல கட்டி வச்சுட்டேன், பரவாயில்லல்ல?

பரவா இருக்கு. இன்னிக்கே அவுத்து இடுப்புலயோ கைலயோ மாட்டுங்க. ஓட்டறவர் அலைல தவறி விழுந்தா ஆள் இல்லாத போட் நேரா போகாது, ஹேண்டில் தானா திரும்பி விழுந்தவர் இருக்கற இடத்தையே சுத்தி சுத்தி வரும், ப்ரொப்பல்லரோட. கயிறு உடம்புல இருந்தா விழுந்த உடனே எஞ்சின் நின்னுடும், நீந்திப்போய் ஏறிக்கலாம்.