காடு பத்திப் படிக்கணும், கையில காசு கம்மி

இந்தத் தடவை வந்த கடிதங்கள்ல நாலு ஒரே விஷயத்தைச் சுத்தியே இருந்துச்சு. இயற்கை வளம், வனம், வனவிலங்குப் பாதுகாப்பு, இந்தப் பக்கம் மேல்படிப்பு போகணும், ஆனா கடன்ல மாட்டிக்காமப் படிக்கணும். நானும் இதைத்தான் படிச்சேன், இதுலதான் வேலை பாக்கறேன், அதனால நாலையும் ஒண்ணாவே எடுத்துக்கறேன்.

அக்கா, பி.எஸ்சி. தாவரவியல் முடிச்சிருக்கேன். கன்சர்வேஷன்ல மாஸ்டர்ஸ் பண்ணணும்னு ரொம்ப நாள் ஆசை. வீட்ல பெரிய தொகையெல்லாம் கேக்க முடியாது. ஃபீஸ் கம்மியா இருக்கற பத்து யுனிவர்சிட்டி பேரை நோட்ல எழுதி வெச்சிருக்கேன். அதுல எது ரொம்பக் கம்மியோ அதுலயே சேந்துடவா?

அந்த நோட்டை அப்படியே வெச்சுக்கோங்கம்மா, ஆனா ஃபீஸுக்குப் பக்கத்துல இன்னும் ரெண்டு கட்டம் போடுங்க. ஒண்ணு, ஃபீல்டு செலவை யாரு குடுக்கறாங்க. இன்னொண்ணு, படிக்கும்போது மாசாமாசம் எனக்கு ஏதாவது கைக்கு வருமா. இந்த ரெண்டு கட்டத்தையும் நிரப்பிட்டுப் பாத்தீங்கன்னா உங்க லிஸ்ட்ல அஞ்சாவதா ஆறாவதா இருக்கறது மேல வந்துடும், எனக்கு நல்லாத் தெரியும், ஏன்னா நான் அந்த ரெண்டு கட்டமும் போடாம சேந்தவ.

மூணு இடத்துல சீட் கிடைச்சுது, ஃபீஸ் எதுல கம்மின்னு மட்டும் பாத்தேன். முதல் செமஸ்டர் நிம்மதியாப் போச்சு. ரெண்டாவது செமஸ்டர்ல டிபார்ட்மென்ட் போர்டுல ஒரு பேப்பர் ஒட்டினாங்க, ஃபீல்டு கேம்ப், பதினஞ்சு நாள், போக்குவரத்தும் சாப்பாடும் மாணவர் பொறுப்பு, கூடவே பூட்ஸ், தலை டார்ச், ஸ்லீப்பிங் பேக்னு ஒரு பட்டியல். சரி, அதையும் கடன் வாங்கி சமாளிச்சேன். அப்புறம் தீசிஸ் வந்துச்சு. டிபார்ட்மென்ட்ல நாப்பது கேமரா ட்ராப் இருந்துச்சு, விலங்கு குறுக்க போனா தானாப் படம் எடுக்கற கேமரா, இலவசமாக் குடுத்தாங்க, ரொம்ப சந்தோஷப்பட்டேன். ஒவ்வொரு கேமராவுக்கும் எட்டு பென் டார்ச் செல் போடணும், நாப்பதுக்கும் சேத்தா முந்நூத்தி இருபது செல், அதுவும் ஒரு சுத்துக்கு, அது தீர்ந்ததும் மறுபடி முந்நூத்தி இருபது. அதோட ஜீப்புக்கு டீசல், கூட வர்ற உள்ளூர் ஆளுக்குக் கூலி, அவர் இல்லாம அந்தக் காட்டுக்குள்ள ஒரு அடி வெக்க முடியாது, அவருக்குக் கூலி குடுக்காம வேலை வாங்கறது பெரிய தப்பு. எதுக்குமே பட்ஜெட் கிடையாது. கடைசில பதினெட்டு கேமராவை அலமாரியிலயே விட்டுட்டு இருபத்திரெண்டை மட்டும் வெச்சேன். ரெண்டு வருஷம் கழிச்சு தீசிஸ்ல நான் எழுத வேண்டியிருந்தது, இந்த டேட்டாவை வெச்சு உறுதியா எதுவும் சொல்ல முடியலன்னு. அந்த வரியை டைப் பண்ணின ராத்திரி அழுதேன். நான் வேணாம்னு விட்ட இன்னொரு இடத்துல ஃபீஸ் ஒன்றரை மடங்கு, ஆனா ஃபீல்டு செலவு முழுசும் ப்ராஜெக்ட் பாத்துக்கும், ஸ்டைபெண்டும் உண்டு. சேரும்போது நான் கேக்கவே இல்ல.

அதனால கேளுங்க. அமெரிக்கா, கனடா மாதிரி இடங்கள்ல தீசிஸோட இருக்கற மாஸ்டர்ஸ்ல ப்ரொஃபசர்கிட்ட ஒரு ப்ராஜெக்ட் இருக்கும், அதுல பணம் இருக்கும், உங்களை ரிசர்ச் அசிஸ்டன்ட்டாவோ டீச்சிங் அசிஸ்டன்ட்டாவோ எடுத்துக்கிட்டா பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் தள்ளுபடி ஆகும், மாசச் சம்பளமும் வரும். அதே டிபார்ட்மென்ட்ல தீசிஸ் இல்லாத கோர்ஸ்வொர்க் மாஸ்டர்ஸும் இருக்கும், அதுக்குப் பெரும்பாலும் முழுப் பணமும் நம்ம கையில இருந்துதான் போகும். ஒரே கட்டடம், ஒரே வாத்தியார்கள், ஆனா ஒருத்தருக்குக் கடன், இன்னொருத்தருக்குச் சம்பளம். அமெரிக்காவுல கூட்டுறவு மீன், வனவிலங்கு ஆராய்ச்சி யூனிட்னு 1935-ல ஆரம்பிச்ச ஒரு அமைப்பு இன்னிக்கும் பல யுனிவர்சிட்டிக்குள்ள இருக்கு, மத்திய அரசு, மாநில வனவிலங்குத் துறை, யுனிவர்சிட்டி மூணும் சேந்து நடத்தறது. அங்க மாணவர் எடுத்துக்கற கேள்வி பல சமயம் ஒரு துறைக்கு நிஜமாவே தேவைப்படற கேள்வியா இருக்கும், படிப்பு முடியறப்ப வேலை குடுக்கறவங்களுக்கு உங்க பேர் தெரிஞ்சிருக்கும்.

ஐரோப்பாவுல எராஸ்மஸ் முண்டுஸ் பாருங்க, ஐரோப்பிய யூனியன் பணம் குடுக்கற படிப்புத் திட்டம். வனவியல், வெப்பமண்டலப் பல்லுயிர், கடல் உயிரியல்னு அதுல கூட்டு மாஸ்டர்ஸ் இருக்கு, ரெண்டு மூணு நாட்டுல மாறி மாறிப் படிக்கணும். ஸ்காலர்ஷிப் கிடைச்சா ஃபீஸ் கிடையாது, மாசம் 1,400 யூரோ, அதிகபட்சம் 24 மாசம். போட்டி கடுமைதான். விண்ணப்பம் பெரும்பாலும் அக்டோபர்ல இருந்து ஜனவரிக்குள்ள முடிஞ்சுடும், ரிசல்ட் வரட்டும் அப்புறம் பாப்போம்னு உக்காந்தா ஒரு வருஷம் போயிடும். இந்தத் துறையில காலண்டர் முக்கியம்மா. பெங்களூரு என்.சி.பி.எஸ்.ல, அதாவது தேசிய உயிரியல் ஆராய்ச்சி மையத்துல இருக்கற வனவிலங்கு உயிரியல் மாஸ்டர்ஸ் மாதிரி ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் ஆள் எடுக்கற படிப்பும் உண்டு, ஒரு தடவை தவறவிட்டா ரெண்டு வருஷம் காத்திருக்கணும்.

ஜெர்மனியில வனவியல் ஃப்ரீயாப் படிக்கலாம்னு சீனியர் சொல்றாரு. நம்பலாமா?

பாதி நம்பலாம் தம்பி. அரசு யுனிவர்சிட்டிகள்ல பெரும்பாலும் ட்யூஷன் ஃபீஸ் கிடையாது, செமஸ்டருக்கு ஒரு சின்னத் தொகை கட்டினாப் போதும். ஆனா நாடு முழுக்க ஒரே விதி இல்ல. ஃப்ரைபர்க் இருக்கற பாடன்-வூர்ட்டம்பர்க் மாநிலத்துல ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு 2017 குளிர்கால செமஸ்டர்ல இருந்து செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்க ஆரம்பிச்சாங்க, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-ல தனியா கட்டணம் கொண்டுவந்துடுச்சு. நார்வே ரொம்ப காலம் எல்லாருக்கும் இலவசமா இருந்துச்சு, 2023-ல ஐரோப்பாவுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு அதுவும் போச்சு. சீனியர் சொன்னது அவர் சேந்த வருஷத்துக்குச் சரியா இருந்திருக்கும். நீங்க சேரப்போற வருஷத்தோட பக்கத்தைத் திறந்து நீங்களே படிங்க.

ட்யூஷன் ஃபீஸ் இல்லாட்டியும் விசாவுக்கு ப்ளாக்டு அக்கவுன்ட்னு ஒண்ணு உண்டு, ஒரு வருஷச் செலவை முன்னாடியே போட்டுக் காட்டணும். 2024 செப்டம்பர்ல இருந்து அது 11,904 யூரோ, மாசம் 992 வீதம் உங்களுக்கே திரும்பி வரும். உங்க பணம்தான், ஆனாலும் மொத்தமா ஒரே நாள்ல வேணுமே, பலருக்கு அங்கதான் கால் இடறுது.

இதெல்லாம் சொன்னதால வேண்டாம்னு அர்த்தம் எடுத்துக்காதீங்க. ட்ரெஸ்டனுக்குப் பக்கத்துல தாராண்ட்னு ஒரு சின்ன ஊர், ஹைன்ரிஷ் கோட்டாங்கற வனவியலாளர் 1811-ல தன்னோட வனவியல் பள்ளியைக் கொண்டுவந்த இடம், இன்னிக்கும் அங்க வனவியல் சொல்லிக்குடுக்கறாங்க. வளர்றதை விட அதிகமா வெட்டாதேங்கற கணக்கை 1713-லயே கார்லோவிட்ஸ்ங்கற சுரங்க அதிகாரி எழுதினது அதே சாக்சனியிலதான், சுரங்கத்துக்கு மரம் பத்தாமப் போயிடுமோங்கற பயத்துல. அந்த மண்ணுல போய்ப் படிக்கறது பெரிய விஷயம், ஜெர்மன் மொழியை மட்டும் முதல் நாள்ல இருந்தே கத்துக்கோங்க, கோர்ஸ் இங்கிலீஷ்ல இருந்தாலும் வனத்துறை ஆட்கள்கிட்ட பேச அது வேணும்.

எனக்கு 34 வயசு, சாஃப்ட்வேர் வேலை, ஒரு குழந்தை. வேலையை விடாம ஆன்லைன்ல இயற்கை வளத்துல மாஸ்டர்ஸ் பண்ணினா அந்தப் பக்கம் போக முடியுமா மேடம்?

முடியும் சார், ஆனா முதல்ல கோர்ஸ் பக்கத்தை மூடிட்டு வேலை அறிவிப்பைத் திறங்க. நீங்க போக ஆசைப்படற வேலை எதுவோ அதுக்கு வந்த பழைய அறிவிப்பு ஒரு பத்தை எடுத்து வெச்சுக்கிட்டு என்ன தகுதி கேக்கறாங்கன்னு கோடு போட்டுப் படிங்க. அமெரிக்க மத்திய அரசுல வனவிலங்கு உயிரியலாளர் வேலைக்கு வனவிலங்குப் பாடங்கள்ல 9 செமஸ்டர் மணி (அதாவது க்ரெடிட்), விலங்கியல்ல 12, தாவரவியல் பக்கம் 9 படிச்சிருக்கணும்னு எழுதியிருக்கு. டிகிரி மேல என்ன பேர் இருக்குன்னு அவங்க பாக்கறதை விட இந்தக் கணக்கு வருதான்னுதான் பாக்கறாங்க. ஓரெகன் ஸ்டேட், வர்ஜீனியா டெக் ரெண்டுலயும் இயற்கை வள மாஸ்டர்ஸ் ஆன்லைன்லயே இருக்கு, நல்ல படிப்புதான், கொள்கை, திட்டமிடல், மேலாண்மை பக்கம் போறவங்களுக்குப் பொருந்தும். ஆனா விலங்கியலே படிக்காத ஒருத்தர் அதை முடிச்சுட்டு உயிரியலாளர் வேலைக்குப் போட்டா அந்தக் கணக்குல இடிக்கும். இன்னொரு பக்கம், இந்திய வனப்பணித் தேர்வுக்கு மாஸ்டர்ஸே வேணாம், பொறியியல் இளங்கலை இருந்தாலே எழுதலாம், வயசு வரம்புதான் அங்க தடை. பணம் கட்டறதுக்கு முன்னாடி இது தெரிஞ்சா எவ்வளவு மிச்சம் பாருங்க.

உங்ககிட்ட ஏற்கெனவே இருக்கற கோடிங்கை எங்க துறையில தேடறாங்க சார். ஒரு கேமரா ட்ராப் ப்ராஜெக்ட்ல லட்சக்கணக்குல படம் வரும், பாதி படத்துல காத்துல ஆடற புல்லு மட்டும்தான் இருக்கும், அதைப் பிரிக்க ஆள் இல்லாம டேட்டா ஹார்ட் டிஸ்க்லயே தூங்குது. கம்ப்யூட்டர்ல வரைபடம் போட்டு அலசற ஜிஐஎஸ் கத்துக்கோங்க, அதுக்கான க்யூஜிஐஎஸ் சாஃப்ட்வேர் இலவசம், புள்ளிவிவரத்துக்கான ஆர் (R) மொழியும் இலவசம். வார இறுதியில ஒரு குழுவுக்கு இந்த வேலையைச் செஞ்சு குடுங்க. ஆறு மாசம் அப்படிப் பண்ணிட்டு, மாஸ்டர்ஸ் தேவையா, எந்த மாஸ்டர்ஸ்னு முடிவெடுங்க, குழந்தை இருக்கற வீட்ல அவசரமாக் கடன் வாங்காதீங்க.

முப்பது ப்ரொஃபசருக்கு மெயில் போட்டுட்டேன் அக்கா. ஒருத்தர்கூட பதில் போடல. என்னையப் பிடிக்கலையா?

இல்லடா, உன்னை அவங்களுக்குத் தெரியவே தெரியாது, அதான் பிரச்சனை. நீ அனுப்பின மெயிலை எனக்கும் அனுப்பியிருந்த, படிச்சேன். சின்ன வயசுல இருந்தே இயற்கைன்னா உயிர்னு ஆரம்பிக்கறே, உண்மைதான்னு எனக்குப் புரியுது, ஆனா அந்த ப்ரொஃபசருக்கு வர்ற எல்லா மெயிலும் அப்படித்தான் ஆரம்பிக்குது. முப்பது பேருக்கும் ஒரே மெயில், பேரு மட்டும் மாத்தியிருக்கே.

உன் ரெஸ்யூமேல நாலாவது பக்கத்துல ஒரு வரி இருக்கு, ஒரு ஏரியில ஆறு மாசம் வாரம் ரெண்டு நாள் பறவை எண்ணினேன்னு. அதை முதல் வரிக்குக் கொண்டு வா. இப்படி எழுது: ஏரியில தண்ணி மட்டம் இறங்கும்போது நாரைகள் எங்க மேயுதுன்னு நீங்க எழுதின கட்டுரையைப் படிச்சேன், நான் ஆறு மாசம் எண்ணின ஏரியிலயும் தண்ணி இறங்கினப்ப நாரை கூடுச்சு, ஆனா முக்குளிப்பான் காணாமப் போச்சு, அந்த டேட்டா என்கிட்ட இருக்கு, அடுத்த வருஷம் மாணவர் எடுக்கறீங்களா, எடுத்தா ஃபண்ட் இருக்கா. அவ்வளவுதான், எட்டு வரி. ஃபண்ட் இருக்கான்னு கேக்கறதுக்கு வெக்கப்படாதே, அவங்க தினம் கேக்கற கேள்விதான் அது.

முப்பது வேணாம், ஆறு பேர் போதும், ஒவ்வொருத்தரோட ரெண்டு கட்டுரையாவது படிச்சிருக்கணும். பதில் வந்து பேச்சு நல்லாப் போச்சுன்னா அவர்கிட்ட இப்பப் படிக்கற ஸ்டூடன்ட் ஒருத்தரைத் தனியாப் பிடிச்சுக் கேளு, ஸ்டைபெண்ட் தேதிக்கு வருதா, ஜீப்புக்கு யாரு குடுக்கறா, ரெண்டு வருஷப் படிப்பை நிஜமா எத்தனை வருஷத்துல முடிக்கறாங்க. மூணு வருஷம்னு சொன்னாங்கன்னா அந்த ஒரு வருஷத்துச் செலவையும் உன் கணக்குல சேத்துக்கோ.

பதில் வராட்டி ரெண்டு வாரம் விட்டு ஒரே ஒரு தடவை ஞாபகப்படுத்து. பிஎச்டிக்கு நான் எழுதினப்ப முதல் மெயிலுக்கு ஒண்ணும் வரல, ரெண்டாவதுக்கு ரெண்டு வரி வந்துச்சு: ஃபீல்டுல இருந்தேன், இன்னிக்குத்தான் சிக்னல் கிடைச்சுது, வியாழக்கிழமை பேசலாமா.